பையில் இருந்த கல்

வலது தோள் வலிக்க ஆரம்பித்தபோது பதம் அண்ணன் அதைப் பற்றி மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். "அந்தப் பையைத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்" என்று ஆரம்பிப்பாள். ஆரம்பிக்கத் தெரியுமே தவிர அவளுக்கு முடிக்கத் தெரியாது.

அந்தப் பை தடித்த காக்கித் துணியில் தைத்தது. அதற்குள் கரகரப்பான சாணைக்கல் ஒன்று, வழவழப்பான சாணைக்கல் ஒன்று, எண்ணெய்ப் புட்டி, தோல்வார், துடைக்கிற துணி. தையல்கடை, முடிவெட்டும் கடை என்று ஏறி இறங்கி, கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் சாணை பிடித்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. தீட்டி முடித்ததும் ஒரு துண்டுத் துணியை வெட்டிக் காட்டி, "பதம் போதுமா?" என்று கேட்பார். போதும் என்றாலும் விட மாட்டார், இன்னும் ஒரு இழுப்பு இழுத்துத்தான் கொடுப்பார். பெயர் அப்படி வந்ததுதான். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவரைப் பதம் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

வலியில் ஒரு ஒழுங்கு இருந்திருந்தால் அவராலும் புரிந்துகொண்டிருக்க முடியும். கனமான நாளில் வலிக்காமல், வீட்டில் சும்மா இருக்கிற நாளில் வலித்தது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் தோள்பட்டைக்குப் பின்னால் குத்தியது. நாக்குக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? பிறகு வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே, வயிற்றையும் பிடித்து இழுத்தது. தோள் நரம்புதான் வயிறு வரைக்கும் வந்துவிட்டது என்று அவரே ஒரு வைத்தியர்போல முடிவு செய்துகொண்டார். தோள் போனால் கை போகும், கை போனால் கல்லில் கத்தியை யார் பிடிப்பது? அந்த நினைப்பு வந்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

வாந்தியைத்தான் மறைக்க முடியவில்லை. "பித்தம்" என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். அவள் அகராதியில் தலைசுற்றல், குமட்டல், முன்கோபம், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவது எல்லாமே பித்தம்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பி வேறு கட்சி. "அக்கா சொல்றதைக் கேக்காதீங்க மாமா. இது சுத்தமான கேஸ்" என்று மாத்திரையைக் கையில் திணித்தான். அவர் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டார்.

ஒருநாள் தையல்கடை வாசலில் உட்கார்ந்து பெரிய கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே மடங்கிவிட்டார். உடம்பு அனலாய்க் கொதித்தது. தையல்கடைக்காரர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவர் மனைவிக்குப் போன் போட்டார். அந்த நிலைமையிலும் பதம் அண்ணன் பையை விடவில்லை. கட்டிலுக்கு அடியில் அதை வைத்த பிறகுதான் படுத்தார்.

அங்கே நடந்தது எதுவும் அவருக்குப் புரியவில்லை. வலிப்பது தோள் என்றார். அவர்கள் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்து, "இதயம் நல்லா இருக்கு" என்றார்கள். இதயத்தைப் பற்றி யார் கேட்டது? டாக்டரம்மா வந்தார். தோள் பக்கமே பார்க்காமல், விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, "மூச்சை நல்லா உள்ள இழுங்க" என்றார். இழுத்தார். பாதியில் மூச்சு நின்றுவிட்டது, அவ்வளவு வலி. டாக்டரம்மா ஏதோ கிடைத்துவிட்டதுபோல நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கையில் ஊசி குத்தி, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை ஏற்றினார்கள். வாயால் குடித்தால் ஆகாது, கையால் குடித்தால் ஆகுமாம். வலி ஊசியும் போட்டார்கள். உலகம் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குள் மனைவி வந்திருந்தாள். வெளியில் நின்று டாக்டரம்மா அவளிடம் வெகுநேரம் பேசினார். உள்ளே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"ஐயா, உங்க பையில கல்லு இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"ஆமாம்மா. ரெண்டு இருக்கு."

டாக்டரம்மாவின் புருவம் ஏறியது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்னம்மா? வருஷக்கணக்கா சுமக்கறேன்."

"வலிக்கலையா இத்தனை நாளா?"

"இப்ப கொஞ்ச நாளாத்தான் தோள் வலிக்குது."

"அதேதான். தோள் வலிக்குக் காரணமே அந்தக் கல்லுதான். ஆனா ரெண்டு இல்ல, நிறைய இருக்கு. அதுல ஒண்ணு பை வாயை அடைச்சுக்கிட்டு நிக்குது. பையே வீங்கிடுச்சு."

காலையில் அவசரத்தில் பெரிய கல்லைக் குறுக்கே திணித்ததும், பை புடைத்துக்கொண்டு மூட முடியாமல் போனதும் பதம் அண்ணனுக்கு ஞாபகம் வந்தது. அதை இவர் எப்போது பார்த்தார்? ஸ்கேன் மெஷின் கட்டிலுக்கு அடியில் இருப்பதையும் காட்டுமா? நிறைய கல் என்கிறாரே, வேறு கல்லை உள்ளே போட்டது யார்?

"மருந்து கொடுத்தா வீக்கம் குறையும். ஆனா திரும்ப வரும். அதனால பையை எடுத்துடறதுதான் நல்லது" என்றார் டாக்டரம்மா.

"பை இல்லாம நான் எப்படிம்மா பொழைக்கறது?"

"தாராளமா பொழைக்கலாம். எத்தனையோ பேர் பை இல்லாம நல்லா இருக்காங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அப்போது அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளியே நின்று இத்தனை நேரம் பேசியது இதைத்தான். வீட்டில் பலிக்காததை ஆஸ்பத்திரியில் ஆள் வைத்துச் சாதிக்கப் பார்க்கிறாள்.

"முடியாது" என்றார்.

"தள்ளிப் போட்டா பை அழுகி ஓட்டை விழுந்துடும்யா. உயிருக்கே ஆபத்து."

"ஓட்டை விழுந்தா தையல்கடையில குடுத்துத் தெச்சுக்கறேன்."

டாக்டரம்மா ஜுரம் எவ்வளவு என்று நர்ஸைக் கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை என்று அவரைக் கேட்டார். கிழமையைச் சரியாகச் சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார் பதம் அண்ணன். "எடுத்துச் சொல்லிப் புரிய வைங்கம்மா. ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது" என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"எனக்காக ஒத்துக்கங்க" என்றாள் மனைவி.

"உனக்கு இப்ப திருப்தியா? இதுக்குத்தானே இத்தனை நாளும் காத்துக்கிட்டிருந்த?"

"என்ன பேச்சு பேசறீங்க? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைப் பாத்துக்கிட்டு இருப்பேன்?" அவள் வாய்விட்டே அழ ஆரம்பித்தாள்.

அவர் சுவர் பக்கமிருந்து திரும்பினார். "அதை எடுத்துட்டு நான் வீட்ல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? போற இடத்துல அண்ணன் அண்ணன்னு கூப்பிடறாங்களே, என்னைப் பாத்தா கூப்பிடறாங்க? அந்தப் பையைப் பாத்துத்தான். அது தோள்ல இருக்கறவரைக்கும்தான் நான் ஒரு ஆளு."

அவள் அழுகை சட்டென்று நின்றது. "தோள்லயா? எந்தப் பை?"

"எந்தப் பையா? ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேளு."

அவள் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து காக்கிப் பையை இரண்டு கையாலும் இழுத்து, அவர் கால்மாட்டில் தொம்மென்று வைத்தாள். "இதையா?"

"வேற எதை?"

கன்னத்தில் கண்ணீர் காயும் முன்பே அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, கூறுகெட்ட மனுஷா! இதை எடுக்கவா டாக்டர் கத்தியோட நிக்கறாங்க? வயித்துக்குள்ள இருக்கற பைங்க. பித்தப்பை. அதுல கல்லு சேர்ந்து, சீழ் பிடிக்கற நிலைமையில இருக்காம்."

"பித்தமா? நீ அன்னிக்கே சொன்னியே!"

"நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அவரும் சிரிக்கப் போனார். விலாவுக்குக் கீழே வலி மூச்சைப் பிடித்து நிறுத்தியது. டாக்டரம்மா விரல் வைத்த அதே இடம். வலி அடங்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தோள்?"

"தோள்ல ஒண்ணுமே இல்லையாம். உள்ள இருக்கற வீக்கம்தான் தோள்ல வலியாத் தெரியுதாம். நரம்பு அப்படி ஏமாத்துமாம்."

"என் தோள் நல்லா இருக்கா?" என்று இன்னொரு தரம் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். "அப்ப எடுக்கச் சொல்லு. ஓடு, அந்தம்மா வேற எங்கயாவது போயிடப் போறாங்க."

மறுநாள் காலையில் வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவர் முதலில் உணர்ந்தது தோள் வலியை. அதே வலது தோள். அவருக்கு உயிரே போய்விட்டது. "தோள் வலிக்குது! தப்பான பையை எடுத்துட்டாங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

டாக்டரம்மா வந்து சிரித்தார். "பயப்படாதீங்க. உள்ள தெளிவாத் தெரியணும்னு வயித்துல கேஸை நிரப்பித்தான் ஆபரேஷன் பண்ணுவோம். அதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு. இது வேற வலி, ரெண்டு மூணு நாள்ல தானாப் போயிடும்."

பார்க்க வந்திருந்த மைத்துனன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "கேஸ்னு நான் சொன்னேனா இல்லையா மாமா?"

பதம் அண்ணன் யோசித்துப் பார்த்தார். பித்தம் என்றவள் சொன்னதும் நடந்துவிட்டது, கேஸ் என்றவன் சொன்னதும் நடந்துவிட்டது. வலியைச் சுமந்தவர் கணக்குத்தான் தப்பிப் போயிருந்தது. ஆனால் டாக்டரம்மா சொன்னபடியே மூன்றாம் நாள் அந்த வலி போய்விட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்கி, இறக்கி, கல்லில் இழுப்பதுபோலக் காற்றில் இழுத்துப் பார்த்தார். எங்கேயும் குத்தவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "மெதுவா நடங்க. வழக்கம்போல சாப்பிடுங்க, எண்ணெயைக் கொஞ்சம் குறைங்க. ஒரு மாசத்துக்குப் பையைத் தூக்கக் கூடாது."

பதம் அண்ணன் கலவரமாகப் பார்த்தார். "எந்தப் பைம்மா?"

டாக்டரம்மா அவர் மனைவியின் தோளைக் காட்டினார். காக்கிப் பை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு அவரை உள்ளே கூட்டிப் போனபோது எடுத்து மாட்டியவள், அதை அப்புறம் யார் கையிலும் கொடுக்கவில்லை.

வெளியே வந்து நடந்தபோது அவர் கை பழக்கத்தில் பட்டைக்கு நீண்டது. அவள் விலகி, பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"குடு."

"வேணாம். ஒரு மாசத்துக்கு நான் தூக்கிக்கிட்டு உங்ககூட வரேன். நீங்க உக்காந்து கல்லைப் பிடிங்க, போதும்." கொஞ்ச தூரம் போனதும் நின்று மூச்சு வாங்கினாள். "இவ்வளவு கனமா? தோள் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா பையைப் பிடுங்கியிருப்பே."

"பிடுங்கித்தான் இருப்பேன்" என்றாள் அவள், பட்டையை இழுத்து விட்டுக்கொண்டு. "இப்படித்தான்."