மிக மிக அதிகம்

பேரனைப் பற்றிப் பேச வேண்டும் என்று அடையாறில் அவன் பள்ளியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். வகுப்புக்குள் நுழைந்ததுமே சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறியது.

எழுபதுகளில், மயிலாப்பூரில் நான் ஐந்தாம் வகுப்பு லீடர். டீச்சர் வெளியே போனால், பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. மறுபடியும் பேசினால் பக்கத்தில் 'அதிகம்', அப்புறம் 'மிக அதிகம்'. நொச்சிக்குப்பத்திலிருந்து வந்த செல்வியின் பெயர் தினமும் இருக்கும்.

ஒரு நாள் அவள் எழுந்து, பக்கத்தில் இருந்தவளைக் காட்டிக் கத்தினாள். "நான் ஒண்ணும் பேசல. இவதான் மீன் நாத்தம்னு சொல்லிக்கினே கீறா!"

அது எனக்கும் கேட்டிருந்தது. ஆனாலும் 'மிக மிக அதிகம்' என்று எழுதினேன். டஸ்டரை எடுத்து என் முகத்தில் வீசினாள்.

மறுநாள் அவள் அம்மா மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து நின்றாள். "கோவம் வந்தா இதுக்கு அடக்கத் தெரில டீச்சர். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"அதெல்லாம் ஆத்துலயே கத்துண்டு வரணும்மா" என்றார் டீச்சர்.

செல்வி அப்புறம் வரவில்லை. அவள் இடத்தில் நாங்கள் பைகளை வைத்துக்கொண்டோம். நன்னடத்தைப் பரிசு எனக்குக் கிடைத்தது. நான் அடங்கியிருந்ததெல்லாம் பிரம்புக்குப் பயந்துதான்.

பேரனின் டீச்சர் சின்னப் பெண். "கோவத்த அடக்கத் தெரியலைன்னா படிப்பும் ஏறாது ஆன்ட்டி."

"நீங்க சொல்லித் தரக்கூடாதாம்மா?"

"போர்ஷன் முடிக்கவே நேரமில்ல. வீட்டுலதான் பாத்துக்கணும்."

அவளுக்குப் பின்னால் போர்டின் ஓரத்தில் பேரனின் பெயர். பக்கத்தில், குண்டு குண்டான கையெழுத்தில், 'மிக மிக அதிகம்'.

டஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.