பைசாகியின் வயலுக்குப் போகாத தண்ணீர்

வடக்கத்தி மலையூரான சிலோடியில் ஓடைத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது சோபத் சிங் கையில் இருந்தது. அவனுடைய தாத்தா காலத்தில் ஊரார் எல்லோருமாகச் சேர்ந்து மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, எதிர்மலையிலிருந்து கல்லைக் கழியில் கட்டித் தூக்கி வந்து, தண்ணீர் விசையில் சுற்றும் மாவு ஆலையை நிறுத்தினார்கள். கராட் என்பார்கள் அதை. ராஜா காலத்தில் கராட்டுக்கென்று தனி வரி வேறு இருந்தது. அன்று ஊர் கூடிப் போட்ட ஏற்பாடுதான் இன்றும்: நடவு மாதத்தில் பகல் தண்ணீர் வயலுக்கு, இரவுத் தண்ணீர் கராட்டுக்கு. ஆலைக்குச் சற்று மேலே ஒரு மடை. திறந்துவிட்டால் தண்ணீர் படிப்படியாக வயல்களுக்கு இறங்கும். அடைத்தால் மரத் தூம்பு வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுற்றும். மடையைப் பார்த்துக்கொள்வது கராட்காரன் வீட்டு வேலை. அரைப்பவர்கள் ஆளுக்கு ஒரு கை மாவு கூலியாக வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு வருஷம் ஆனி பிறந்தும் மழை இல்லை. ஓடை இளைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஊர்த்தலைவர் வீட்டில் கல்யாணம். கோவேறு கழுதைகளில் கோதுமை வந்து இறங்கியது.

"சோபத், ராத்திரி ஓட்டினதுல பாதிகூட ஆகலையே. நாளைக்கு மாப்பிள்ள அழைப்பு. மாப்பிள்ள வீட்டாரு பூரி இல்லாம எந்திரிக்க மாட்டாங்க. ஊரு மானம் ஒன் கல்லுல இருக்குப்பா" என்றார் விடிவதற்கு முன்பே வந்து நின்ற தலைவர்.

பெரிய மனிதர் வீடு தேடி வந்து அப்படிச் சொன்னதில் சோபத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விடிந்ததும் மடையைத் திறக்கவில்லை. புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை இன்னும் இரண்டு அழுத்தி வைத்து, மேலே முட்செடியை இழுத்து மூடினான்.

அன்று வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை பைசாகிக்கு. அவள் புருஷன் டில்லியில் ஓட்டல் சமையல்காரன். வயல், எருமை, கைக்குழந்தை எல்லாம் அவள் தலையில். நாற்றைப் பிடுங்கி வரப்பில் அடுக்கிவிட்டுக் காத்திருந்தாள். வெயில் ஏறியும் தண்ணீர் வராமல் போகவே, கீழ்வயலில் நின்று குரல் கொடுத்தாள்.

"அண்ணே! எனக்குத் தண்ணி வரலையே. ஒங்க கல்லு மட்டும் ஓடுது?"

சோபத் வாசலுக்கு வந்தான். "மேல எங்கயோ கரை ஒடஞ்சிருக்கும் தங்கச்சி. வர்ற கொஞ்சநஞ்சம் மடைக்கு ஏறல, தூம்புலயே போயிடுது. போய்ப் பாத்து அடைச்சிட்டு வா" என்றான்.

வாயில் சட்டென்று வந்த பொய். அவள் மலை ஏறி இறங்குவதற்குள் மிச்சக் கோதுமை அரைந்துவிடும் என்பதுதான் கணக்கு. அண்ணன் என்று கூப்பிட்டவள் நம்பினாள். குழந்தையைப் பக்கத்து வயல்காரியிடம் கொடுத்துவிட்டு மண்வெட்டியோடு ஏறினாள்.

திரும்பி வரும்போது பாசிப் பாறையில் வழுக்கிக் கை ஊன்றி விழுந்தாள். புல் அறுக்கப் போனவர்கள் தாங்கிப் பிடித்து அழைத்து வருவதைப் பார்த்ததுமே சோபத் ஓடிப்போய் மண்கட்டிகளைப் பிடுங்கி எறிந்தான். தண்ணீர் அவள் வயலுக்கு இறங்கியது. நாற்று நடத்தான் கை இல்லை. வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. அவரவர் வயலில் நடவு நெருக்கடி. உதவிக்கு ஆள் கிடைப்பதற்குள் நாற்று வாடிப் பழுத்துவிட்டது. அந்த வருஷம் அவளுக்கு நெல் இல்லை. பனிக்காலத்தில் எருமையை விற்றாள். எலும்பு கோணலாகவே கூடியது.

வழுக்கி விழுந்துவிட்டேன் என்பதற்கு மேல் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு சோபத்தின் கராட்டில் அவள் கால் வைக்கவில்லை. கேழ்வரகு மூட்டையைத் தலையில் ஏற்றி, இடது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு, அவன் வாசலைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஆலைக்குப் போவாள். திரும்பி வர இருட்டிவிடும்.

"கராட்டு வாசல்லயே நடந்துட்டு, மாவுக்கு அடுத்த மலைக்குப் போறாளே. ஒன் கல்லுல பேய் கீய் குடியிருக்கா?" என்று அரைக்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள். சோபத்தும் கூடச் சிரித்து வைப்பான். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவள் வருவது தெரிந்தால் உள்ளே போய்க் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வான். ஒருமுறை மனைவியிடம் ஒரு கூடை மாவு கொடுத்தனுப்பினான். கூடை அப்படியே திரும்பி வந்தது. தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் விட்டாளே, எவ்வளவு பெரிய மனசு என்று நினைப்பான். அந்த நினைப்பு அவனை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

வருஷங்கள் போயின. குழந்தை பள்ளிக்கூடம் போகிற அளவு வளர்ந்துவிட்டது. ஒரு ஆவணியில் சரிவு இடிந்து அந்தப் பக்கத்துப் பாதை மூடியது. வீட்டில் மாவு தீர்ந்து, வேறு வழியில்லாமல் பைசாகி மூட்டையோடு உள்ளே வந்து நின்றாள். சோபத் தானியத்தைக் கல்லுக்கு மேல் தொங்கும் கூடையில் கொட்டினான். கல் சுற்ற ஆரம்பித்தது. அவளுடைய கோணல் கையைப் பார்த்ததும் அவனால் அடக்க முடியவில்லை.

"தங்கச்சி, அன்னிக்குக் கரை ஒடையல. மடைய நான்தான் அடைச்சிருந்தேன்."

"தெரியும். மேல போனேனே. ஒரு எடத்துலயும் ஒடைப்பில்ல. வாய்க்காத் தண்ணி சிந்தாமத்தான் ஓடிச்சு."

"அப்பறம் ஏம்மா ஊருல சொல்லல?"

பைசாகி அவனை நேராகப் பார்த்தாள். "சொல்லிட்டு? மறுவருஷம் என் வயலுக்கு மடை தொறக்கிறது யாரு, நீங்கதான? வீட்டுல ஆம்பள இல்ல. எனக்கு வாயி எங்க இருந்துச்சு?"

பெரிய மனசு என்று இத்தனை நாள் அவன் நினைத்திருந்தது அவள் பயம். அவனைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். ஒரு நாள் பொய்யோடு முடிந்துபோன தப்பு என்று நினைத்திருந்தானே, ஒவ்வொரு நடவுக்கும் அது நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவன் எழுந்து நடந்ததைச் சொன்னான். "இனி மடை எங்க வீட்டுக்கு வேண்டாம். நடுறவங்களே வச்சிக்கட்டும்" என்றான். தலைவர் தரையைப் பார்த்தார். "இந்தப் புத்தி அப்பவே வந்திருக்கக் கூடாதா?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி கத்தினாள்.

மடை நடவு நடும் பெண்கள் கைக்குப் போயிற்று. நடவு மாதத்தில் பொழுது சாய்ந்ததும் சோபத் மேலே போய், கராட்டுக்குத் தண்ணீர் விடுவார்களா என்று ஓரமாக நிற்பான். சில நாள் பைசாகியின் முறை இருக்கும். வேலை முடிந்தால்தான் நிமிர்வாள். அவன் அவசரப்படுத்த மாட்டான். பாதை சரியான பிறகு அவள் மறுபடி அடுத்த மலைக்குத்தான் போனாள். அடைமழை நாட்களில் மட்டும் இங்கே வருவாள். அவள் இடது கையால் மாவை அள்ளிக் கட்டி முடிக்கும்வரை சோபத் தலை நிமிர்வதில்லை.