ஏணியில் ஏறினால் ரோட்டுக்குத் தெரியும்

பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகத்தில் கை கால் வலிப்பதைவிட வயிறு கலங்குவதுதான் அதிகம். இந்த உத்தியோகத்தில் இருக்கிற, இருந்து தப்பித்த, இனி வந்து மாட்டிக்கொள்ளப் போகிற சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே இதைப் படிக்கட்டும்.

முதல் ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷங்களில் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் டிரில் டீச்சர். கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கு மேலே இரண்டு வருஷம் படிக்கிற எஃப்.ஏ. வகுப்பு மொத்தத்தையும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரவைத்துவிடலாம். அவர்கள் போதாமல் டீச்சர் டிரெயினிங் வகுப்பிலிருந்தும் ஆள் பிடித்துத்தான் எங்கள் கூடைப்பந்துக் கோஷ்டி உண்டாயிற்று.

பாக்கியத்தின் கடகம்

எங்கள் பிரின்சிபாலை எல்லாரும் பெரிய மிஸ்ஸியம்மா என்போம். அவர் சீமைக்கு லீவில் போய்த் திரும்பியபோது ஒரு தோல் பந்தும் விதிகள் அச்சடித்த சின்னப் புத்தகமும் கொண்டுவந்தார். இரண்டு கம்பம் நட வேண்டும், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கூடை கட்ட வேண்டும், பந்தைக் கூடைக்குள் போட வேண்டும். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. பனங்கம்பம் கிடைத்தது. கூடைக்கு எங்கே போவது? அடுக்களையில் அரிசி அளந்து வைக்கிற கடகப்பெட்டிகள் இருந்தன. நல்ல பனையோலையில் முடைந்தவை, இரும்பு மாதிரி உழைக்கும்.

ஆனால் அடுக்களை பாக்கியத்தின் ராஜ்யம். அவள் சமையற்காரிதான், ஆனாலும் மிஸ்ஸியம்மாளே அவளிடம் பேசும்போது குரலைத் தணித்துக்கொள்வார். அதனால் கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. அடுக்களை வாசற்படியைத் தாண்டாமல் நின்று கேட்டேன். அவள் இரண்டு கடகங்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் வைத்துச் சொன்னாள்: "ஆடி முடிச்சதும் அடுக்களைக்குத் திரும்பி வரணும். ஒரு ஓலை கிழிஞ்சிருந்தாலும் டீச்சரம்மாவுக்குக் கஞ்சி கிடையாது, பாத்துக்கிடுங்க."

வண்டியில் திரை

கோஷ்டியில் பந்தை நேராகப் போடத் தெரிந்த பெண் ஒருத்திதான் இருந்தாள். அவள் பெயர் சிவகாமி. திருநெல்வேலி டவுனில் அவள் அப்பா வக்கீல். ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த சைவப் பிள்ளை வீடு. திரை போட்ட வில்வண்டியில் ஆற்றுப்பாலம் தாண்டி வருவாள், சாயங்காலம் அதே திரைக்குள் திரும்பிப் போவாள். எஃப்.ஏ. தேறினால் மேலே படிக்க மெட்ராசுக்கு அனுப்புவதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். தேறாவிட்டால், அல்லது நடுவில் ஏதாவது பேச்சு வந்துவிட்டால், அம்பாசமுத்திரத்தில் ஒரு மிராசுதார் காத்திருந்தார். மூத்த தாரம் தவறிப்போய், இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவசரமாகக் காத்திருந்தார்.

சிவகாமியைச் சேர்க்க வந்த அன்றைக்கே வக்கீல் பிள்ளைவாள் என்னையும் கூப்பிட்டு நிறுத்தினார். டிரில் என்றால் கை காலை வீசுவதுதானே என்றார். ஆமாம் என்றேன், அப்போது அது உண்மை. சத்தம் போடாமல் பேசுகிற மனிதர். கத்துகிறவர்களிடம் எனக்கு அவ்வளவு பயம் கிடையாது. அவர் சொன்னார்: "என் மக ரோட்டுக்குத் தெரியப்படாது. தெரிஞ்ச அன்னைக்கு வண்டி வந்து கூட்டிட்டுப் போயிரும். பிறகு இந்த வண்டி பாலம் தாண்டாது."

ஈரத் தலை

பந்தைக் கையில் வாங்கின முதல் நாளே சிவகாமி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன தோல் டீச்சரம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும். மிஸ்ஸியம்மா சொல்லியிருந்தார். மாட்டுத்தோல் என்று சொன்னால் கோஷ்டியில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள், சொல்லாமல் விட்டால் பாவம் என் தலையில். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், பந்தைக் கீழே வைக்கவில்லை.

அதன் பிறகு தினமும் ஆட்டம் முடிந்ததும் ஹாஸ்டல் கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். வண்டி வருவதற்குள் அந்தக் கூந்தல் காய வேண்டுமே என்று நான் விசிறியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். ஐப்பசி மழையில் விசிறி என்ன செய்யும்? வீட்டில் கேட்டால் என்ன சொல்வாய் என்று அழாத குறையாகக் கேட்டேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "தீட்டுப் பட்டுச்சு, குளிச்சேன்னு சொல்லிக்கிடுதேன். அது பொய்யில்லல்லா."

தட்டிக்கு இந்தப் பக்கம்

விளையாட்டு மைதானத்தை ஒட்டியே மார்க்கெட்டுக்குப் போகிற ரோடு. சுவர் இடுப்பளவுதான். முதல் வாரத்தில் ஒரு மாட்டுவண்டி நின்றது, அதைப் பார்த்து இன்னொன்று நின்றது, கடைசியில் சந்தையே இங்கே வந்துவிடும் போலிருந்தது. மிஸ்ஸியம்மா சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேலே ஓலைத்தட்டி கட்டச் சொன்னார். அந்தத் தட்டிக்கு வெளியே, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, வாட்ச்மேன் சுடலைமுத்து நிற்பார். உள்ளே என்ன நடக்கிறது என்று அவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்ததும் இல்லை.

தட்டி கண்ணை மறைத்தது, காதை மறைக்குமா? பந்து தரையில் விழுகிற சத்தம் ரோடு முழுக்கக் கேட்டது. யாராவது கேட்டால் என்ன சொல்கிறீர்கள் என்று சுடலைமுத்து அண்ணாச்சியிடம் பயந்து பயந்து விசாரித்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "உள்ள நெல்லு குத்துதாவன்னு சொல்லுதேன். ஒருத்தரும் ரெண்டாந்தரம் கேக்கல."

ஏணி

இப்போதுதான் என் வாழ்க்கையைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். கடகத்துக்கு அடி உண்டு. பந்து உள்ளே விழுந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடும். யாராவது ஏணி போட்டு ஏறி எடுத்தால்தான் மேற்கொண்டு ஆட்டம். ஆண்பிள்ளை உள்ளே வரக் கூடாது. ஏணியில் ஏறினவள் தலையோ தட்டிக்கு மேலே போய்விடும், இடுப்புவரை ரோட்டுக்குத் தெரியும். அடியை அறுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பாக்கியத்தின் கடகத்தில் கத்தி வைக்கிற தைரியம் அந்தக் காம்பவுண்டில் எவருக்கும் இல்லை. மிஸ்ஸியம்மாளுக்கோ புத்தகத்தில் கூடை என்று போட்டிருந்தது, கூடை என்றால் முழுக் கூடை.

ஆகவே கூட்டிப் பெருக்குகிற பிச்சம்மா ஏறுவாள். ரோட்டில் போகிறவர்களுக்குப் பிச்சம்மாளைத் தெரியும், அவள் எங்கே ஏறினாலும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் அவள் பெருக்கப் போயிருக்கிற நேரத்தில் பந்து விழுந்துவிட்டால்? அந்த பயத்தில் பெண்கள் பைய ஒரு வித்தை படித்துக்கொண்டார்கள். பந்து கடகத்தின் விளிம்பில் பட்டு வெளியே வருகிற மாதிரி போடுவார்கள். நானும் கண்ணால் அப்படியே செய்யச் சொல்வேன், விசில் ஊதிக்கொண்டே ரோட்டுப் பக்கம் பார்ப்பேன். ஒரு நாள் மிஸ்ஸியம்மா வெகுநேரம் கவனித்துவிட்டு, தன் வேதாகமத் தமிழில் வருத்தப்பட்டார்: "பிள்ளைகள் மகா திறமையாய் எறிகிறார்கள். ஆகிலும் அந்தப் பெட்டி இவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை."

ஞானத்தின் விரல்

ஞானம் என்கிற பெண்ணுக்குப் பந்து பட்டு விரல் பிசகிவிட்டது. வீங்கி நாமக்கட்டி மாதிரி நின்றது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண், வள்ளியூரிலிருந்து அம்மாக்காரி பஸ்ஸா ரயிலா, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். என் சீட்டு கிழிந்தது என்று நினைத்தேன். அவள் மகளின் கையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மோதிரம் போடுத விரல் இல்ல. அப்பம் சரி."

திருச்செந்தூர் போன நாள்

மதுரையிலிருந்து ஒரு பெண்கள் கோஷ்டி எங்களோடு ஆட வந்தது. அன்றைக்குப் பார்த்துத் திருச்செந்தூரில் திருவிழா. பிச்சம்மா நேர்த்திக்கடன் என்று விடிகாலையிலேயே நடந்துவிட்டாள். ஏணி மட்டும் கம்பத்தில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் பெண்களுக்குக் கூடையில் போடாமல் இருக்கத் தெரியும். மதுரைப் பெண்களுக்கு அந்தப் பயிற்சி கிடையாதே. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒருத்தி பந்தைக் கடகத்துக்குள் போட்டுவிட்டுக் கை தட்டினாள். எங்கள் பெண்கள் எல்லாரும் ஏணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்தான் ஏறப் போனேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, பாதி ஏணியில் தலை சுற்றிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கீழே இறக்கிவிட்டார்கள். மிஸ்ஸியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். சிவகாமி மாராப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் உச்சிக்குப் போய்விட்டாள். அந்த நேரத்தில்தான் ரோட்டில் சலங்கைச் சத்தம் கேட்டது. எனக்கு அந்த மாடுகளின் நடை தெரியும். திருவிழாவுக்குப் புறப்படுவதற்காக மகளைச் சீக்கிரமே கூட்டிப்போக வண்டி வந்திருந்தது, வக்கீல் பிள்ளைவாளே வந்திருந்தார். சிவகாமி மேலே பந்தோடு அப்படியே நின்றாள். தட்டிக்கு வெளியே சுடலைமுத்து அண்ணாச்சியின் குரல், என்றைக்கும் போலப் பணிவாகக் கேட்டது: "ஒண்ணுமில்ல ஐயா. உள்ள நெல்லு குத்துதாவ."

வராந்தாவில்

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மிஸ்ஸியம்மா ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்ததால் நான் தனியாகத்தான் போக வேண்டியிருந்தது. வராந்தாவில் அவர் நின்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கப் போனார், உள்ளே பெண்கள் ஓவென்று கூச்சலிட்டார்கள். எங்கள் பக்கம் யாரோ கூடையில் போட்டுவிட்டார்கள். தட்டிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. சிவகாமியேதான். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது, தானே போட்டு, தானே எடுக்க ஏறியிருந்தாள். இந்தத் தடவை ரோட்டுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவர் அவள் இறங்குகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அம்பாசமுத்திரம் கண்ணுக்குத் தெரிந்தது.

"எதுக்கு ஏறுதாவ?" என்று கேட்டார். கடகம், அதன் அடி, பாக்கியம், கஞ்சி எல்லாவற்றையும் முன்பின்னாக உளறினேன். அவர் கோர்ட்டில் சாட்சியைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டார். ஆட்டம் முடிந்து, குளித்து, ஈரத் தலையோடு சிவகாமி வந்தாள். வக்கீல் பிள்ளைவாள் வண்டிப் பக்கம் நடந்தார். திரையைத் தூக்கிப் பிடித்தார், அவள் ஏறினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அங்கன மேல நின்ன பிள்ளைய எனக்குத் தெரியாது."

பாலம் தாண்டியது

திருவிழா லீவு முடிகிறவரைக்கும் அந்த வார்த்தையை நான் மென்றுகொண்டே இருந்தேன். மகளே இல்லை என்று தலைமுழுகிவிட்டாரா? பாக்கியம்கூட பயந்துபோய் எனக்குக் கஞ்சியை நிறைய ஊற்றினாள். கல்லூரி திறந்த அன்று காலையில் மணி அடித்தது, பிரார்த்தனை முடிந்தது, வில்வண்டி வரவில்லை. நான் மைதானத்துக்குப் போய் ஏணியை உதைத்தேன். கால்தான் வலித்தது.

முதல் வகுப்பு பாதியில் சலங்கை கேட்டது. ஓடினேன். திரை விலகி முதலில் இரண்டு புதுக் கடகங்கள் இறங்கின. இரண்டுக்கும் அடி இல்லை. அறுத்த இடத்தை நார் வைத்துச் சுற்றித் தைத்திருந்தது. அதன் பின்னால் சிவகாமி இறங்கினாள். நான் அழுதுவிட்டேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவள் கடகத்துக்குள் கையை விட்டு மறுபக்கம் நீட்டிக் காட்டிச் சொன்னாள்: "'பந்து தானா கீழ விழுந்துரும், எவளும் ஏற வேண்டாம், ஏணிய அடுப்புல வைக்கச் சொல்லு'ன்னு அப்பா சொன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல."

பாக்கியத்துக்கு அவளுடைய கடகங்கள் ஓலை கிழியாமல் திரும்பிப் போயின. ஏணி இரண்டு நாள் கஞ்சி காய்ச்ச ஆயிற்று. சிவகாமி பரீட்சை எழுதித் தேறி மெட்ராசுக்கு ரயில் ஏறினாள். அதற்குப் பிறகு எத்தனையோ கோஷ்டிகளை ஆட வைத்துவிட்டேன். கூடைக்குள் பந்து விழுவதை மட்டும் இன்றுவரை ஒரு தடவையும் முழுசாகப் பார்த்ததில்லை, அந்த நேரத்தில் என் கண் ரோட்டின் மேலே இருக்கும்.