ஸ்டெல்லா அழிக்காத பட்டியல்

செவ்வாய்க்கிழமை மதியம் பாறசாலையிலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தான். "அக்கா போயிட்டா. நாளைக்கு சர்ச்சில அடக்கம்." அலுவலகத்தில் ஒதுங்கி அழக்கூட இடம் கிடைக்கவில்லை. தம்பானூர் மாடியில் எங்களோடு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவளை 'ரப்பர்' என்று கூப்பிட்டுச் சிரித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

அந்த அறை ஞாபகம் இருக்கும். ஏசிக்காக ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தார்கள். வேலைக்குச் சேரும்போதே முதலாளி நம் அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார். மூன்று வருடம் முடிந்தால்தான் திருப்பித் தருவார். அதுவரை வெளியே எவ்வளவு நல்ல வேலை கிடைத்தாலும் வெறுங்கையோடு எங்கே போவது?

பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழிப் பாடம் நடத்தும்போது ஸ்டெல்லா, "எழுத தொறக்கியதுக்கு முந்தி வாசிச்சுப் பாரு, பிள்ளே" என்பாள். மாணவர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். நான் எங்கே கேட்டேன்!

ஒரு ஜூன் மாதம். புதிதாகச் சேர்ந்த மாணவியின் பெயரை மாணவர் பட்டியல் ஃபைலில் சேர்க்க நானே நாலு வரி புரோகிராம் எழுதினேன். 'அப்பெண்ட்' என்று கொடுத்துத் திறந்தால் புதுப் பெயர் கடைசியில் போய் உட்காரும். வகுப்பில் தினமும் எழுதிப்போடும் பழக்கத்தில் 'அவுட்புட்' என்று கொடுத்துவிட்டேன். அப்படித் திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். அழிந்துவிட்டது. நகல் வைத்திருந்த ஃப்ளாப்பியில் மழைக்காலப் பூஞ்சை.

"ஆரு செய்தது?" என்று முதலாளி கத்தினார். என் மூன்று வருடக் கெடு முடிய இன்னும் இரண்டு வருடம். அதை நீட்டிவிடுவாரோ என்ற பயத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. "நான்தான் சார்" என்றாள் ஸ்டெல்லா.

அவள் கெடு அந்த வாரம் முடிய இருந்தது. அரசு வேலைக்கான உத்தரவு கையில் வந்திருந்தது. பத்து நாளில் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். பட்டியல் முழுதாக வராமல் அலமாரி திறக்காது என்றார் முதலாளி. பழைய விண்ணப்பங்களை எடுத்து நான் பெயர் வாசிக்க, அவள் தட்டினாள். ஆறு வாரம் ஆயிற்று. அந்த வேலை வேறு யாருக்கோ போனது. அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிட்டது. கடைசிவரை அந்த அறைதான், பட்டியலை அழித்தவள் என்று நீங்கள் வைத்த 'ரப்பர்' பெயரோடு. ஒரு நாள்கூட நான் வாய் திறக்கவில்லை. கோழை நான்.

போன வருடம்தான் அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். தேநீரை நீட்டியபடி சிரித்தாள். "எனக்கு அன்னைக்கே அறியும் பிள்ளே. ஃபைல்ல நீ சேத்த ஒத்தப் பேருதானே மிச்சம் கெடந்துது. நான் ஏத்துக்கிட்ட பெறகு ரெண்டு பேரும் எதுக்கு உள்ள கெடக்கணும்?"

அடக்கம் முடிந்ததும் அவள் தம்பி, "அக்காக்க சாமான் ஏதாவது வேணுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். என் சான்றிதழ்கள் குறித்த நாளில் என் கைக்கு வந்தன. அன்று தொடங்கி இன்றுவரை கழக்கூட்டத்தில் நான் பார்க்கும் வேலை, அதை நம்பி அமைந்த குடும்பம், எல்லாம் அவளுடையவை. அவற்றைத்தான் வைத்திருக்கிறேன். திருப்பித் தர இனி ஆளில்லை.