அட்டைக்கடை மாப்பிள்ளை

என் மாமனார் போடியில் மர டிப்போ வைத்திருப்பவர். தேக்கையும் வேங்கையையும் தவிர வேறெதையும் மரம் என்று ஒப்புக்கொள்ளாதவர். நான் தேனியில் பிளைவுட் கடை வைத்திருக்கிறேன். பெண்ணைக் கொடுத்தாரே தவிர, என் சரக்கை மரம் என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. யாராவது விசாரித்தால், "மாப்ள தேனியில அட்டைக்கடை வச்சிருக்காக" என்பார். 'வச்சிருக்காக' என்ற மரியாதையில் குறைச்சல் இல்லை. அட்டைதான் குத்தும். சீர் செனத்தி என்று எதுவும் கேட்டவனல்ல நான். அவர் வாயிலிருந்து மரம் என்ற அந்த ஒரு சொல் வந்தால் போதும் என்றிருந்தேன்.

போன முகூர்த்தத்தில் மதுரையில் ஒரு கல்யாணம். அவர் போடியிலேயே ரயில் ஏறி, துண்டு போட்டு எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். தேனியில் நான் ஏறி உட்கார்ந்தேன். ஆண்டிபட்டி வருவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"முந்தி ஓடுன சின்ன ரயில்ல உக்கார்ற பலகை, சன்னல் எல்லாம் தேக்கு மாப்ள. இது பூராம் தகரம். ஒரு குச்சி மரம் இல்ல. அதான் இந்தக் குலுக்கு குலுக்குது."

எதிரே ஓடைப்பட்டித் திராட்சைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா ஆமாம் என்று தலையாட்டினார். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"இதுலயும் மரம் இருக்கு மாமா. நீங்க காலு வச்சிருக்கதே அது மேலதான்."

"எங்க, காட்டுங்க."

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தரைவிரிப்பு ஓர் ஓரம் கிழிந்து தூக்கிக்கொண்டிருந்தது. ஏறும்போதே பார்த்து வைத்திருந்தேன், தொழில் புத்தி. கூட்டிப்போய்ச் செல்போன் வெளிச்சத்தில் காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். பலகை விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தன. மெல்லிய மரத் தாள்களைப் பிசினில் ஊறவைத்து, அடுக்கி, சூட்டில் அழுத்தி இறுக்கியது, ரயில் தரைக்கென்றே செய்வது என்று விளக்கினேன். கழிவறையிலிருந்து வெளியே வந்த ஒருவர் எங்களைத் தாண்ட வழியில்லாமல் நின்று, அவரும் காதுகொடுத்துக் கேட்டார். மாமனார் விரல் முட்டியால் தட்டினார். நகத்தால் கீறினார். மோந்து பார்க்கக் குனிந்தவர், அது எந்த இடம் என்று நினைவு வந்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"அப்ப இம்புட்டு நேரம் அட்டை மேலயா காலு வச்சிருந்தேன்?"

இடத்துக்குத் திரும்பியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இத்தனை வருஷம் கழித்துக் கண்ணெதிரே நிரூபித்தால் கிடைக்கிற பலன் இதுவா?

அதற்குள் திராட்சைக்கார அம்மா பதறிப்போனார். கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஏங்கய்யா, கீழ அட்டையவா போட்டிருக்காக? பிச்சுக்கிட்டுப் போயிராதே?" என்றார்.

மாமனார் என்னை ஒரு தரம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பயப்படாத ஆத்தா. அது மரந்தான். மெலிசா உரிச்சு ஒட்டுன மரம். எங்க மாப்ள கடையிலயும் இந்த மரந்தான் விக்கிறாக."

நான் கேட்டது ஒரு மரம்; ஒரே மூச்சில் மூன்று கிடைத்துவிட்டது. அவர் கால் மட்டும் கீழே இறங்கவில்லை. அவர் சம்மணம் போட்டிருந்த மெத்தைக்கு அடியில் இருப்பதும் பிளைவுட்தான். மதுரை வரும்வரை அதை நான் சொல்லவே இல்லை.