யூதப் பையன் படமும் அம்மாவின் கையெழுத்தும்

பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை படம் போடும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். 'பணக்காரனாகத் துடிக்கும் யூத வாலிபனின் கதை' என்று வாட்ஸ்அப்பில் போட்ட நான், சிரிப்புப் படம் என்று சொல்ல மறந்துவிட்டேன். யூதன் என்றதும் வேதக் கதையாக்கும் என்று பெரியவர்கள் பாதிப் பேர் வேதப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மேருவில் இருக்கும் வீட்டிலிருந்து அம்மாவும் வந்திருந்தார். அழைத்து வந்தது என் தம்பி. வீடு, நிலம் விற்கும் புரோக்கர். வாயாலேயே வடை சுடுவான்.

படத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் மகன். ஒரே பழைய கம்பளிச் சட்டையை இரண்டு பேருக்கு விற்கிறான், கடவுள் மேல் சத்தியம் செய்துகொண்டே. முன் வரிசை ஆன்டி திரும்பி என்னை முறைத்தார். "ஐயோ, என்னா படம்லா இது?" தம்பியோ விழுந்து விழுந்து சிரித்தான். அவனைப் பார்த்து நானும் சிரித்தேன்.

பிறகு அந்தப் பையன், கடைக்குப் புது விளக்கு போட அனுமதி வேண்டும் என்று அப்பாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினான். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதோடு கடையே மகன் பேருக்குப் போய்விட்டது. மண்டபமே சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

அம்மா மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, போன மாசம் என்கிட்ட சைன் வாங்கினியே, அது வீட்டு வரி ஃபாரம்தானேயா?"

"படத்தப் பாருங்கம்மா. அப்புறம் பேசலாம்லா."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லேன்யா. நான் பாட்டுக்குப் படத்தப் பாக்கறேன்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா போன பிறகு அம்மாவுக்கென்று இருப்பது அந்த ஒரு வீடுதான். எங்கோ குளிர் தேசத்துப் பையன் என்று இவ்வளவு நேரம் சிரித்திருக்கிறேன். அவன் எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்திருக்கிறான்.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீயும்தானேம்மா அதுல சாட்சின்னு சைன் போட்ட? படிச்சுப் பாத்துத்தானே போட்ட?"

நான் படிக்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று, தம்பி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நின்றபடியே போட்டேன்.