குப்பம்மாள் அண்ணி போட்ட சண்டை

சென்ற வியாழக்கிழமை மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கவரைப்பேட்டை அரிசி மில்லின் காவல்காரர் சைக்கிளைப் பள்ளி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். “டீச்சர், உங்க அண்ணி களத்துலயே பூட்டாங்க” என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை. அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தது என்னை நினைத்து. நான்கு ஆண்டுகளாக மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொள்கிறவள் நான். அண்ணி ஒரு நாள் தலைவலி என்று படுத்துக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

குப்பம்மாள் அண்ணி என் கணவரின் அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. அவித்த நெல்லை மில் களத்தில் பரப்பிக் காயவைப்பது அவர் வேலை. அந்த வேலையைச் செய்துகொண்டே தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கினார். அந்தத் தம்பியை, கல்யாணமான மறு வருடமே, அறுபத்தாறில், மீஞ்சூருக்குத் தனிக்குடித்தனம் அழைத்துப்போனவள் நான். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால், “டீச்சரம்மாவுக்கு நாற்காலி போடுங்கப்பா” என்று வேறு யாரிடமோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

எழுபத்தொன்றில் சென்னை ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. “அந்த இடம்”, “அந்த ஆபரேஷன்” என்றார்கள். என் அம்மாகூட என் முகத்தை விட்டுப் பார்வையை இறக்காமல் பேசினார். அப்போதுதான் அண்ணி தூக்குச்சட்டியோடு வார்டுக்குள் நுழைந்தார். நான் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“இன்னாத்துக்கு மூட்ற? மாரு ஒண்ணு போச்சி. உசுரு கீதில்ல? கஞ்சியக் குடி, ஆறிப்பூடும்.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அழுதேன். அண்ணி சமாதானம் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கஞ்சியை ஊட்டினார். அங்கிருந்து கிளம்பும்போது என்னை முதன்முறையாக மரகதம் என்று பெயர் சொல்லி அழைத்தார்.

அதன் பிறகு கதிர்வீச்சு. எங்கள் பக்கத்தில் அதைக் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். அண்ணி எங்களைக் கவரைப்பேட்டைக்கே அழைத்து வந்துவிட்டார்; பின்னால் நானும் இங்கேயே மாற்றல் வாங்கிக்கொண்டேன். தினமும் காலை பாசஞ்சரில் என்னோடு சென்னைக்கு வருவார். என் நெஞ்சில் மையால் கோடு போட்டிருந்தார்கள். வேர்வையில் அது அழிந்துவிடாமல் வழியெல்லாம் விசிறிக்கொண்டே வருவார். ஒரு நாள் எதிரே இருந்த பெண்மணி எனக்கு என்ன நோய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

“ஒட்டிக்கிற நோவுன்னா மொதல்ல எனக்கில்ல ஒட்டியிருக்கணும்? இவ துண்ண மிச்சத்த நான்தான் துண்ணுகினு கீறேன். இங்க வந்து ஒக்காரு தாயி, ஒண்ணும் ஆவாது” என்றார் அண்ணி.

அந்தப் பெண்மணி தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார். இறங்குவதற்குள் அண்ணி அவரிடமே வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

என் கை தோளுக்கு மேல் எழவில்லை. சுவரில் விரல்களை ஏற்றிப் பழகச் சொன்னார் டாக்டர். அண்ணி சுவரில் கரிக்கோடு இழுத்து, “இத்தத் தொட்டாத்தான் நாஷ்டா” என்பார். வலியில் வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டுவேன். “திட்டு, நல்லாத் திட்டு. கையத் தூக்கிகினே திட்டு” என்பார்.

போன வருடம் கழுத்தடியில் மறுபடியும் கட்டி வந்தது. ஊசி போட ஆரம்பித்தார்கள். முடியெல்லாம் கொட்டியது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. அடுத்த ஊசிக்கு முந்தின நாள், “போதும் அண்ணி. என்னால முடியல, விட்டுடுங்க” என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

“சரி, உட்டுட்றேன். நீ பூட்டா நான் யாருகூட சண்ட போட்றது மே? என் தம்பி வாயத் தொறக்க மாட்டான். எனக்கு இன்னா, புருசனா, புள்ளயா? இத்தினி வருசத்துல என்கூட சரிக்குச் சரி நின்னவ நீ ஒருத்திதான்.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மறுநாள் ஊசிக்குப் போனேன். அவருக்காகத்தான் போனேன்.

கட்டி கரைந்து வருகிறது என்று டாக்டர் சென்ற மாதம் சொன்னார். அன்று அண்ணி ரயிலடியில் பகோடா வாங்கி, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

வியாழனன்று வெயில் ஏறும் வேளையில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தவர், அப்படியே உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். சொம்பு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். எனக்காக எத்தனை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்துக் கிடந்தவர்! அவருக்காக ஒரு வராந்தாவில் காத்திருக்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. என் கணவர் தட்டின் முன் உட்காருகிறார். சோற்றைத் தொடாமல் எழுந்துவிடுகிறார்.

பாடையைத் தூக்கினால் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது இங்கே வழக்கம். நான் நிற்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. மயானத்துக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து சரக்கு வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. தூக்கி வந்தவர்கள் பாடையைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள். மேளம் ஓய்ந்தது. நான் அருகே போய் அண்ணியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். சுடுகிற நெற்களத்தில் நடந்து நடந்து காய்த்துப்போன பாதம். பெட்டி பெட்டியாக வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது முடியவே வேண்டாம் என்றிருந்தது. முடிந்தது. கேட்டைத் தூக்கினார்கள். முன்னால் நின்ற என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். கையை எடுத்தேன்.

போய் வாருங்கள், அண்ணி. செவ்வாய்க்கிழமை எனக்கு ஊசி. காலை வண்டியில் நான் போய்விடுகிறேன்.